தங்கம் தேடப் போகுமுன்: விக்டோரியாவின் ‘மைனர்ஸ் ரைட்’ பற்றி ஓர் எளிய விளக்கம்

மெல்பர்னில் இருக்கும் நம்மவர்கள், ஊரிலிருந்து அப்பா அம்மா வந்தால் கட்டாயம் கூட்டிக்கொண்டு போகும் இடங்களில் பல்லாரட் ஒன்று. அங்கே சாவரின் ஹில் என்று 1850களின் தங்கச் சுரங்க ஊரைத் திரும்பக் கட்டி வைத்திருக்கிறார்கள். ஓடைக்கரையில் குந்தி, ஒரு தட்டில் மண்ணை அள்ளி நீரில் அலசினால் பொடிப்பொடியாகத் தங்கம் தெரியும். கிடைத்ததை வீட்டுக்கும் எடுத்துப் போகலாம். என் மாமியார் அந்த ஓடையை விட்டு முக்கால் மணி நேரம் எழுந்திருக்கவே இல்லை. “மாப்பிள்ளை, இது அரிசியில் கல் அரிக்கிற வேலைதானே” என்று சொல்லிவிட்டு, பக்கத்தில் நின்ற வெள்ளைக்காரப் பையன்களைவிட வேகமாக மூன்று மினுக்கல்களைப் பிடித்துவிட்டார். திரும்பி வரும்போது காரில் ஒரு கேள்வி கேட்டார்: “இதையே வெளியில், காட்டில் போய் எடுத்தால் போலீஸ் பிடிப்பார்களா?”

பிடிக்க மாட்டார்கள். உங்களிடம் ஒரு காகிதம் இருக்க வேண்டும், நீங்கள் நிற்கிற இடம் சரியான இடமாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். காகிதம் வாங்குவது ஐந்து நிமிட வேலை. இடம்தான் தலைவலி, அதனால் இந்தக் கட்டுரையில் பாதிக்கு மேல் இடத்தைப் பற்றியே இருக்கும்.

காகிதத்தின் பெயர் மைனர்ஸ் ரைட். ‘சுரங்கக்காரரின் உரிமை’ என்று மொழிபெயர்க்கலாம், ஆனால் இங்கே யாரும் அப்படிச் சொல்வதில்லை. விக்டோரியா மாநில அரசு தருவது. கட்டணம் இரண்டு பேர் காப்பி குடித்துக் காலை உணவு சாப்பிடும் செலவைவிடக் குறைவு, ஒருமுறை எடுத்தால் 10 ஆண்டு செல்லும். இணையத்திலேயே வாங்கலாம், தங்கம் தேடும் கருவிகள் விற்கிற சில கடைகளிலும் கிடைக்கும். ஒருவர் பெயரில் வாங்கியதை வைத்துக் குடும்பமே தோண்ட முடியாது, ஆளுக்கு ஒன்று வேண்டும். சுற்றுலா நிறுவனம் நடத்தும் தங்கம் தேடும் பயணங்களில் போனால், அவர்களே வாடிக்கையாளர்களுக்கும் சேர்த்து ஒரு தனி அனுமதி வைத்திருப்பார்கள். அது வேறு கணக்கு.

சரி, எதற்கு இந்தக் காகிதம்? நம்மூரில் நிலத்துக்குப் பட்டா இருக்கிறது, நிலம் உங்களுடையது, ஆனால் அதன் அடியில் புதையலோ தங்கமோ இருந்தால் என்ன ஆகும் என்று யாராவது பெரியவரைக் கேட்டிருப்பீர்கள். விக்டோரியாவிலும் கிட்டத்தட்ட அதே கதை: மேல்மண் யாருடையதாக இருந்தாலும், அடியில் இருக்கும் தங்கமும் மற்ற கனிமங்களும் பெரும்பாலும் அரசுக்குச் சொந்தம். மைனர்ஸ் ரைட் கையில் இருக்கும் ஒருவர் விதிப்படி தேடி எடுக்கும்போது, அந்தத் தங்கத்தின் உரிமை அரசிடமிருந்து அவருக்குக் கைமாறுகிறது. ஒரு மினுக்கலோ ஒரு கிலோவோ, எடுத்தவருக்கே. இதுதான் அந்தக் காகிதத்தின் முழு வேலை. இந்தியாவில் 1957ஆம் ஆண்டின் சுரங்க, கனிமச் சட்டப்படி உரிமம் இல்லாமல் கனிமம் தேடுவதே குற்றம், பொழுதுபோக்குக்காரர் என்று ஓர் இனமே அதில் கிடையாது. அதனால்தான் நம்மவர்களுக்கு இந்த ஊர் ஏற்பாட்டை நம்பக் கொஞ்ச நேரம் பிடிக்கிறது.

இந்த உரிமை சும்மா வந்ததல்ல. 1851இல் விக்டோரியாவில் தங்கம் கிடைத்ததும் உலகமே இங்கே வந்து இறங்கியது. அரசு உடனே ஒரு உரிமக் கட்டணம் போட்டது: மாதம் 30 ஷில்லிங், தங்கம் கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும். காகிதம் கையில் இல்லாதவரைப் போலீஸ் குழிக்குக் குழி துரத்திப் பிடித்தது. பல்லாரட்டில் தோண்டுகிறவர்கள் உரிமச் சீட்டுகளைக் கொளுத்தினார்கள், யுரேகா என்ற இடத்தில் மரக்கட்டைகளால் அரண் கட்டி உட்கார்ந்தார்கள், 1854 டிசம்பர் 3 விடியற்காலையில் படை உள்ளே புகுந்து இருபதுக்கு மேற்பட்டவர்களைக் கொன்றது. அடுத்த ஆண்டே அந்த மாதக் கட்டணம் போனது. அதற்குப் பதில் ஆண்டுக்கு ஒரு பவுண்டில் மைனர்ஸ் ரைட் வந்தது, அதை வைத்திருந்தவருக்கு ஓட்டுரிமையும் சேர்ந்து வந்தது. இன்றைக்கு நாம் இணையத்தில் கார்டு நம்பர் தட்டி வாங்கும் சீட்டுக்கு அதே பெயர்தான். (அதே 1855இல்தான் சீனர்கள் வந்து இறங்கினால் தலைக்கு 10 பவுண்டு வரி என்றும் சட்டம் போட்டார்கள். அவர்கள் பக்கத்து மாநிலத்தில் ரோப் என்ற துறைமுகத்தில் இறங்கி, நானூறு கிலோமீட்டருக்கு மேல் நடந்தே தங்க வயல்களுக்கு வந்தார்கள். உரிமை எல்லாருக்கும் ஒன்றாக வரவில்லை.)

என்ன கொண்டு போகலாம்? கைக்கருவிகள். மண்வெட்டி, சிறு கோடரி மாதிரியான பிக், சுத்தியல், சல்லடை, தங்கம் அலசும் தட்டு, மெட்டல் டிடெக்டர். தோண்டுவதற்கு இயந்திரம் கூடாது, வெடி கூடாது. மரம், புதர் எதையும் வெட்டவோ வேரோடு பிடுங்கவோ கூடாது. தோண்டிய குழியை மூடிவிட்டுத்தான் கிளம்ப வேண்டும். இந்தக் கடைசி விதியைத்தான் பலர் மீறுகிறார்கள் என்று காட்டுக்குள் நடந்தால் தெரியும். டிடெக்டர் கத்திய இடத்தையெல்லாம் நாய் பறித்த மாதிரி பறித்துப் போட்டுவிட்டுப் போயிருப்பார்கள், மூன்று மாதம் கழித்து அதில் ஒரு கங்காருவோ உங்கள் காலோ இறங்கும்.

இப்போது இடம். மைனர்ஸ் ரைட் செல்லுபடியாகும் முதல் வகை, அரசு நிலம். இங்கே ‘கிரவுன் லேண்ட்’ என்பார்கள். நம் புறம்போக்கு மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் புறம்போக்கிலும் மேய்ச்சல், நீர்நிலை, பாதை என்று வகை இருப்பது போல இதிலும் உண்டு. ஸ்டேட் ஃபாரஸ்ட் எனப்படும் மாநிலக் காடுகள் பெரும்பாலும் திறந்தவை, தொடங்குகிறவர்களுக்கு அதுவே நிம்மதி. நேஷனல் பார்க் என்றால் பொதுவாகக் கூடாது. ‘பொதுவாக’ என்கிற சொல்லைக் கவனியுங்கள், ஏனென்றால் கிரேட்டர் பெண்டிகோ, சில்டர்ன்-மவுண்ட் பைலட், ஹீத்கோட்-கிரேடவுன் போன்ற சில பூங்காக்களில் வரைபடத்தில் கோடு போட்டுக் குறித்த பகுதிகளில் மட்டும் அனுமதி உண்டு. கோட்டுக்கு இந்தப் பக்கம் நீங்கள் பொழுதுபோக்குக்காரர், அந்தப் பக்கம் குற்றவாளி. ஆறுகள் இன்னும் சிக்கல்: ஒரு ஓடையில் இந்த வளைவில் அலசலாம், அடுத்த வளைவிலிருந்து தடை என்று சில நீர்நிலைகளின் சில பகுதிகளுக்கு விலக்குப் பட்டியல் இருக்கிறது.

நான் மாட்டிக்கொண்டது இங்கேதான். முதல் வருடம், கையில் புது மைனர்ஸ் ரைட், கடையில் வாங்கிய பச்சைத் தட்டு. செம்மண் பாதையின் இடப்பக்கம் வண்டியை நிறுத்தி வலப்பக்கம் இறங்கினேன். அரை மணி நேரம் அலசிய பிறகு, நாயோடு நடந்து வந்த ஒரு தாத்தா நின்று, “தம்பி, நீ வண்டி நிறுத்தியிருக்கிறாயே அது காடு, நீ உட்கார்ந்திருக்கிறாயே இது பார்க்” என்கிற தொனியில் ஏதோ சொன்னார். பாதைதான் எல்லை. பலகை இருந்தது, நான்தான் படிக்கவில்லை. மண்ணைத் திரும்ப ஓடையிலேயே கொட்டிவிட்டு வந்தேன். தட்டில் எதுவும் இல்லை என்பதால் மனசாட்சிக்கும் வேலை வைக்கவில்லை.

இரண்டாவது வகை, தனியார் நிலம். உரிமையாளர் சம்மதம் இல்லாமல் கால் வைக்கக் கூடாது. காகிதம் இருக்கிறதே என்று கேட்டைத் திறந்து உள்ளே போனால் அது அத்துமீறல்தான். விவசாயியிடம் போய் நேராகக் கேட்டால் பலர் முடியாது என்பார்கள், சிலர் சரி என்பார்கள், சிலர் கிடைத்ததில் பங்கு பேசுவார்கள். பேசியதை ஒரு தாளில் எழுதி இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டு வைத்துக்கொள்வது நல்லது, ஒரு கிராம் கிடைக்கும்வரை எல்லாரும் நண்பர்கள்தான். திறந்த கேட்டைத் திறந்தபடியும் மூடிய கேட்டை மூடியும் விட்டுப் போகவேண்டும் என்பது இந்த ஊர்க் கிராமப்புறத்தின் எழுதாத சட்டம். ஆடுகள் வெளியே போய்விட்டால் அடுத்த முறை உங்களுக்கு மட்டுமல்ல, யாருக்குமே அனுமதி கிடைக்காது.

மூன்றாவது கண்ணுக்கே தெரியாது: அரசு நிலத்தின் மேல் வேறொரு நிறுவனம் ஏற்கெனவே உரிமம் வாங்கி வைத்திருக்கலாம். சுரங்க உரிமம் இருக்கும் இடம் என்றால் அந்த உரிமக்காரரின் சம்மதம் இல்லாமல் நுழையக் கூடாது. வெறும் ஆய்வு உரிமம் என்றால் விக்டோரியாவில் உங்களுக்குத் தடை இல்லை. நிலத்தில் நின்று பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரி புல்லும் கல்லும்தான். இதற்காகவே அரசு ஜியோவிக் என்று ஓர் இணைய வரைபடத்தை இலவசமாக வைத்திருக்கிறது. பூங்கா எல்லை, உரிமங்கள், பழைய சுரங்கக் குழிகள் எல்லாம் அடுக்கடுக்காக அதில் தெரியும். முதல் தடவை திறந்தால் விமானி அறை மாதிரி பயமுறுத்தும். எல்லா அடுக்கையும் அணைத்துவிட்டு, நில வகை, உரிமம் இரண்டை மட்டும் போட்டுப் பாருங்கள். கிளம்புமுன் படம் எடுத்து போனில் வைத்துக்கொள்ளுங்கள், போகிற இடத்தில் சிக்னல் இருக்காது.

இவை எல்லாவற்றுக்கும் மேலே இன்னொன்று உண்டு. நீங்கள் தோண்டப் போகும் பகுதியில் பெரும்பங்கு ஜா ஜா வுரங் என்ற பூர்வகுடி மக்களின் மண். தங்க வேட்டைக்குப் பிறகு தங்கள் நிலத்தை அவர்கள் ‘தலைகீழான நாடு’ என்கிறார்கள். அடிமண் மேலேயும் மேல்மண் எங்கேயோவும் போனதைப் பார்த்தவருக்கு அந்தச் சொல் புரியும். அவர்களின் தொல்லிடங்களைத் தொடக்கூடாது என்பது சட்டம். பழைய குடிசை அடித்தளங்கள், சீனர்கள் கட்டிய கல் அடுப்புகள் மாதிரியான தங்க வேட்டைக் காலத்து மிச்சங்களும் அப்படியே. அங்கேதான் நாணயம் கிடைக்கும் என்று டிடெக்டரோடு போகிறவர்கள் உண்டு. போகாதீர்கள்.

எங்கே போகலாம் என்றால், தட்டோடு ஓடையில் உட்கார ஆசைப்படும் குடும்பங்களுக்கு நான் சொல்லும் முதல் இடம் கிரஸ்விக் பக்கத்து ஸ்லேட்டி கிரீக். பல்லாரட்டிலிருந்து கிட்டம், உட்கார்ந்து சாப்பிட இடம் உண்டு. தண்ணீர் மட்டும் மழையைப் பொறுத்தது, கோடையில் போனால் தட்டு இருக்கும், ஓடை இருக்காது. காஸில்மேன் சுற்றுவட்டாரமும் நல்ல இடம்தான். அங்கே பாரம்பரியப் பூங்கா ஒன்று இருப்பதால் வரைபடம் பார்க்காமல் இறங்க வேண்டாம்.

டிடெக்டர் வைத்திருப்பவர்களின் கனவு வேறு. மேரிபரோ, டனாலி, டார்னகல்லா, இங்கிள்வுட், வெடர்பர்ன் என்று பல்லாரட்டுக்கு வடக்கே விரியும் அந்தப் பகுதிக்குத் தங்க முக்கோணம் என்று பெயர். காய்ந்த யூகலிப்டஸ் காடு, சிவந்த சரளை, இரும்புக்கல். இங்கே மோலியகல் என்ற குக்கிராமத்தில் 1869 பிப்ரவரி 5 அன்று ஜான் டீசன், ரிச்சர்ட் ஓட்ஸ் என்ற இருவர் ஒரு மரத்தின் வேரருகில் கண்டெடுத்த கட்டிதான் வெல்கம் ஸ்ட்ரேஞ்சர். மேல்மண்ணிலிருந்து 3 சென்டிமீட்டர்தான் ஆழம். உருக்கிச் சுத்தமாக்கியபோது சுமார் 72 கிலோ. நம் கணக்கில் 9,000 சவரன். டனாலிக்குத் தூக்கிக்கொண்டு போனால் அங்கே அதை நிறுக்கத் தராசு இல்லை, பட்டறைக்கல்லில் வைத்து உடைத்துத்தான் நிறுத்தார்கள். 1980இல் கிங்கவர் அருகே டிடெக்டரால் கண்டெடுத்த ஹேண்ட் ஆஃப் ஃபெய்த் 27 கிலோ சொச்சம். அது லாஸ் வேகஸ் சூதாட்ட விடுதி ஒன்றில் காட்சிக்குப் போய்ச் சேர்ந்தது. 2023இல்கூட ஒருவர் சாதாரண டிடெக்டரால் 4.6 கிலோ கல் ஒன்றை எடுத்து, கனமாக இருக்கிறதே என்று கொண்டுபோய்க் காட்ட, அதற்குள் 2.6 கிலோ தங்கம்.

இந்தக் கதைகளைச் சொல்லிவிட்டு உண்மையையும் சொல்ல வேண்டும். உங்கள் டிடெக்டர் முதல் நாள் கண்டுபிடிக்கப் போவது ஆணி, தோட்டா, ஈயக் குண்டு, பீர் டின்னின் மூடி வளையம். இந்த மண்ணில் இரும்பு அதிகம், மலிவான டிடெக்டர் மண்ணையே பார்த்துக் கத்தும். அதைத் தாண்டிக் கேட்கக்கூடிய ‘பல்ஸ் இண்டக்‌ஷன்’ வகைக் கருவிகள் பல ஆயிரம் டாலர். தங்க முக்கோணத்தில் வாடகைக்குத் தரும் கடைகள் இருக்கின்றன, முதலில் ஒரு நாள் எடுத்துப் பாருங்கள். வாங்கிவிட்டு வீட்டம்மாவிடம் கணக்குச் சொல்வதைவிட அது சுலபம்.

கற்கள் தேடுகிறவர்கள் வடகிழக்கே பீச்வொர்த், எல்டொராடோ பக்கம் போகிறார்கள். ஓடைச் சரளையைச் சல்லடையில் சலித்தால் சிறு நீலக்கற்கள், ஸிர்கான், புஷ்பராகம் கிடைப்பதுண்டு. 19ஆம் நூற்றாண்டில் சில்லறை வைரங்கள்கூடக் கிடைத்திருக்கின்றன. கனிமங்களுக்கும் அதே மைனர்ஸ் ரைட் போதும். ஆனால் மாநில எல்லையைத் தாண்டினால் அந்தச் சீட்டுக்கு மதிப்பில்லை, ஒவ்வொரு மாநிலமும் தனி ராஜ்ஜியம். குவீன்ஸ்லாந்தில் வேறு உரிமம், ‘ஃபாசிக்கிங்’ லைசன்ஸ் என்று பெயர், குடும்பத்துக்கே சேர்த்து ஒன்று எடுக்கலாம்; அங்கே அனகி, சஃபயர், ரூபிவேல் என்று ஊர்ப் பெயரிலேயே கல் இருக்கிறது. 1930களில் ஒரு சிறுவன் அங்கே கண்டெடுத்த கருப்புக் கல்லை அவன் வீட்டில் பல வருடம் கதவுக்கு முட்டுக் கொடுத்து வைத்திருந்தார்கள்; பட்டை தீட்டியபோது 733 காரட் நட்சத்திர நீலக்கல். தெற்கு ஆஸ்திரேலியாவின் கூபர் பீடியில் சுரங்கக்காரர்கள் கொட்டிய மண்மேட்டில் ஓபல் பொறுக்கப் பொதுமக்களுக்கென்றே ஒரு இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். மேற்கு ஆஸ்திரேலியாவிலும் மைனர்ஸ் ரைட் என்றுதான் பெயர், ஆனால் அது அந்த மாநிலத்துடையது, விதிகளும் வேறு.

அலசும் வித்தையை எழுத்தில் சொல்வது கஷ்டம், இருந்தாலும் மாமியார் சொன்னதே பாதிப் பாடம். கல் அரிக்கும்போது அரிசி நீரோடு வரும், கல் அடியில் தங்கும். இங்கே மண்தான் அரிசி, தங்கம்தான் கல். தங்கம் தண்ணீரைப்போல 19 மடங்குக்கு மேல் கனம், சாதாரண மணல் இரண்டரை மடங்கு சொச்சம்தான், அதனால் தட்டை நீருக்குள் நன்றாகக் குலுக்கினாலே தங்கம் அடிக்கு இறங்கிவிடும். பிறகு சாய்த்துச் சாய்த்து மேல்மண்ணை வழிய விட வேண்டும். கடைசியில் கருமணல் கொஞ்சம் மிஞ்சும், அதன் ஓரத்தில் பாருங்கள். தொடங்குகிறவர்கள் அவசரப்பட்டுத் தங்கத்தையும் வழிய விட்டுவிடுவோமோ என்று பயப்படுகிறார்கள். குலுக்கியது போதுமென்றால் அது அவ்வளவு சீக்கிரம் ஓடாது. ஓடையில் எங்கே அள்ளுவது என்பதற்கும் அதே கனம்தான் பதில்: நீர் வேகம் குறையும் இடங்கள், வளைவின் உள்பக்கம், பெரிய பாறைக்குப் பின்புறம், அடிப்பாறையின் வெடிப்புகள். பளபளவென்று மின்னினால் சந்தேகப்படுங்கள். அப்ரகம் வெயிலில் மட்டும் மின்னும், கையால் மறைத்தால் செத்துவிடும். தங்கம் நிழலிலும் அதே மஞ்சள்தான். பைரைட் என்ற போலியைச் சுத்தியலால் தட்டினால் நொறுங்கும், தங்கம் நசுங்கும்.

ஆபத்து என்றால் எல்லாரும் பாம்பைத்தான் கேட்கிறார்கள். பாம்பு உண்டு, கோடையில் அதிகம், முழுக் காலணி போட்டுச் சத்தமாக நடந்தால் பெரும்பாலும் விலகிப் போய்விடும். எனக்குப் பயம் பழைய சுரங்கக் குழிகள்மேல்தான். 170 வருடத்துக்கு முன் தோண்டி, மூடாமல் விட்டவை, புல் மூடி, இலை மூடி, பத்துப் பதினைந்து மீட்டர் நேராக இறங்கும். டிடெக்டரின் சத்தத்தில் காது வைத்துக்கொண்டு பின்னோக்கி நடக்காதீர்கள், குழந்தைகளைக் கைக்கெட்டும் தூரத்தில் வைத்திருங்கள். பழைய சுரங்கக் கழிவு மண்ணில் ஆர்சனிக் இருக்கக்கூடும், அந்த மணல்மேட்டில் குழந்தைகளை விளையாட விடாமல், கை கழுவாமல் புளியோதரைப் பொட்டலத்தைப் பிரிக்காமல் இருந்தால் போதும். காட்டுத்தீத் தடை நாளில் வீட்டிலேயே இருங்கள்.

மாமியாரின் மூன்று மினுக்கல்களும் இப்போது ஒரு சின்னக் கண்ணாடிக் குப்பியில் தண்ணீரோடு, திருச்சி வீட்டின் பூஜை அலமாரியில் இருக்கின்றன. எடை போட்டால் தராசு அசையாது. அடுத்த நவம்பரில் மறுபடி வருகிறார். ஆளுக்கு ஒன்று வேண்டுமென்பதால் அவர் பெயரிலும் ஒரு மைனர்ஸ் ரைட் வாங்கி வைத்துவிட்டேன். விசா மூன்று மாதத்துக்குத்தான், அந்தச் சீட்டு மட்டும் 10 வருடத்துக்கு.